கடாக்கன்றின் பசிக்கு யார் பொறுப்பு?



எருமையின் இளங்கன்றை உண்பது கொடுமை என்று ஒரு சாரார் எழுதுகின்றனர். முறைப்படி அறுக்கப்பட்டிருந்தால் மேற்கொண்டு கேள்விக்கு இடமில்லை என்று நம்மவர் மறுப்பு எழுதுகின்றனர். அந்தக் கன்று பிறந்த தொழுவத்தை இரு தரப்பாருமே எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மேற்கு உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றிரண்டு முர்ரா எருமைகளை வைத்திருக்கும் சிறு விவசாயிக்குப் பால்தான் அன்றாடக் கைக்காசு. பெண் கன்று பிறந்தால் அது நாளைய கறவை. கடாக்கன்று பிறந்தால் என்ன செய்வது? உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. சினைப்படுத்தச் செயற்கைக் கருவூட்டல் வந்துவிட்டது. எஞ்சியிருப்பது இறைச்சி மதிப்பு ஒன்றே.

அந்த மதிப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். பிறக்கும்போது ஏறத்தாழ 30 கிலோ இருக்கும் கன்றுக்கு, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்ற பொதுவான அளவின்படி, நாளொன்றுக்கு 3 லிட்டர் பால் வேண்டும். மூன்று மாதங்களுக்கு 270 லிட்டர். லிட்டர் 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 13,500 ரூபாய். மூன்று மாதக் கடாக்கன்றுக்கு இந்தத் தொகையைத் தரும் தரகர் எங்கே இருக்கிறார்? ஆகவே, மடி சுரப்பதற்காக மட்டும் கன்றை அவிழ்த்துவிட்டு, இரண்டு வாய் குடித்ததும் இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். கன்று மெலிகிறது, கழிச்சல் கண்டு சாகிறது. அதன்பின் பால் இறங்க வைக்கோல் அடைத்த தோல் கன்றோ, ஆக்ஸிடோசின் ஊசியோ தேவைப்படுகிறது. (மொஸரெல்லா பாலாடைக்கட்டிக்குப் பெயர்பெற்ற இத்தாலியின் கம்பானியாவிலும் ஆண் எருமைக் கன்றுகளுக்கு இதே கதிதான். அங்கே விவசாயியின் மதத்தை யாரும் குறை சொல்வதில்லை.)

இறைச்சிக்கான விற்பனையைத் தடுத்தால் கன்று பிழைக்கும் என்போரின் கருணையை நான் ஏற்க மறுப்பது இதனால்தான். வாங்குவோர் இல்லாத கன்றுக்கு எந்த விவசாயியும் பால் விடமாட்டார். 2017 மே 23 அன்று மத்திய அரசு வெளியிட்ட கால்நடைச் சந்தை விதிகள், அறுப்புக்காக மாடுகளைச் சந்தையில் விற்கக் கூடாது என்றதோடு, எருமையையும் அந்த வரையறைக்குள் சேர்த்தன. அதே மாதம் 30ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. விதி நின்றது, அச்சம் நிற்கவில்லை. எருமையை அறுக்க உத்தரப் பிரதேசத்தின் பசுவதைத் தடைச் சட்டத்தில் தடையில்லை; எனினும் வண்டியில் ஏற்றிச் செல்பவர் வழியில் அடிபடுவோமோ என்று நடுங்குகிறார். அந்த ஆபத்துக்கான விலை கடைசியில் விவசாயிக்குத் தரும் பணத்திலிருந்தே கழிக்கப்படுகிறது.

இனி நம் பக்கம். வாசலுக்கு வரும் வியாபாரி கன்றை எடை போடுவதில்லை. கண்ணால் அளந்து ஒரு தொகை சொல்கிறார். சந்தை விலை அறியாத, கடனுக்குப் பணம் தேவைப்படுகிற மனிதர் தலையசைக்கிறார். சரக்கோடு வருவோரைச் சந்தையை அடையுமுன் வழிமறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வந்தவருக்குச் சந்தை விலை தெரியாது என்பதே அத்தடையின் காரணம் என ஃபுகஹாக்கள் விளக்கினர். இந்தப் பாடத்தை மாணவர்களுக்குப் படித்துக்கொடுக்கும் நாமே, வாசற்படி பேரத்தைத் திறமை என்று மெச்சுகிறோம்! பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் கொன்ற பெண் நரகம் புகுந்த செய்தி புகாரீயில் உள்ளது. கட்டுத்தறியில் சாகும் கன்றுக்கு அது பொருந்தாதா? அறுக்கும் நொடியின் மார்க்கச் சட்டத்தை மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஆண் எருமைக் கன்றுகளைக் காத்து வளர்ப்பதற்கென்றே மத்திய அரசு ஒரு திட்டம் வகுத்ததுண்டு. அதன் அடிப்படைக் கருத்து சரியானதே: கன்று வளர்ந்தபின் நிச்சயமாக விலைபோகும் என்றால் விவசாயி அதற்குத் தீனி போடுவார். அந்த நிச்சயத்தைத் தர நம்மிடம் ஒரு வழி இருக்கிறது. குர்பானிச் சட்டத்தில் எருமை மாட்டினத்தோடு சேர்ந்தது. இரண்டு வயது நிறைந்தால் தகுதி பெறும், ஏழு பேர் பங்கு சேரலாம். பங்கு விலை மலிவு என்று வட மாநிலங்களுக்குப் பணம் அனுப்பும் மஹல்லாக்கள் நம்மிடையே உண்டு. அந்த மலிவு யாருடைய நட்டத்திலிருந்து வருகிறது என்று எந்த நிர்வாகியாவது கேட்டதுண்டா? ஹஜ் மாதத்தில் கைக்குக் கிடைத்த உருப்படியை வாங்குவதற்குப் பதிலாக, இரண்டாண்டுகளுக்கு முன்பே ஊரையும் வளர்ப்பவரையும் அறிந்து, எடைக்கு இவ்வளவு தருவோம் என்று வாக்களித்து, சொன்னபடி தராசில் நிறுத்து வாங்கட்டும். பங்குக்கு சில நூறு ரூபாய் கூடும். அதைத் தர மனமில்லாத ஜமாஅத், கன்றின் பசியைப் பற்றிப் பிறருக்குப் பதில் எழுதுவதையாவது நிறுத்திக்கொள்ளட்டும்.