சோழியன் குடுமி சும்மாவும் ஆடும்

சென்ற இதழில் வந்த புரதப் பாஸ்பரிலேற்றம் பற்றிய கட்டுரையின் தமிழ் நன்றாக இருந்தது. அதில் எனக்குக் குறை இல்லை. குறை முழுக்க அதன் தர்க்கத்தில்தான். செல்லுக்குள் புரதத்தின் மேல் ஏறும் ஒவ்வொரு பாஸ்பேட்டும் ஒரு செய்தியாம். இதுவரை கண்டறிந்த லட்சத்துக்கு மேற்பட்ட இடங்களும் ஒரு மாபெரும் மொழியின் எழுத்துகளாம். இயற்கை எதையும் வீணாகச் செய்யாதாம். ஆகவே அந்த இடங்கள் அத்தனையும் நாளைய மருந்துகளின் இலக்குகளாம். இந்த ‘ஆகவே’யில்தான் வண்டி குடை சாய்கிறது. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்ற பழமொழிக்குக் கட்டுரையாளர் உயிர்வேதியியல் வேடம் கட்டி மேடையேற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

அதைப் படிக்காதவர்களுக்காக நாலு வரி. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்துப் புரதத்தில் உள்ள செரின், திரியோனின் அல்லது டைரோசின் மேல் ஏற்றுவது கைனேஸ் நொதியின் வேலை. அதை இறக்குவது பாஸ்படேஸின் வேலை. மனித மரபணுத்தொகுதியில் 518 கைனேஸ்கள் இருப்பதாக 2002இல் பட்டியலிட்டார்கள். பாஸ்பேட் ஏறிய இடத்தில் எதிர்மின்னூட்டம் கூடும். அதனால் புரதத்தின் வடிவம் மாறலாம், வேகம் மாறலாம், கூட்டாளி மாறலாம். ஒன்றுமே மாறாமலும் போகலாம். இந்தக் கடைசி வாய்ப்பு மட்டும் கட்டுரையாளர் கண்ணில் படவே இல்லை.

அவர் பெரிதாக நம்புவது சிக்கன வாதத்தை. ஒவ்வொரு பாஸ்பேட்டுக்கும் ஓர் ஏடிபி செலவாகிறதே, காரணமில்லாமல் செல் செலவழிக்குமா என்று கேட்கிறார். கேட்குமுன் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். ரைபோசோமில் ஓர் அமினோ அமிலத்தைச் சங்கிலியில் கோக்க ஏறக்குறைய நான்கு ஏடிபிக்குச் சமமான ஆற்றல் ஆகிறது. 400 அமினோ அமிலங்கள் கொண்ட நடுத்தரப் புரதம் ஒன்றைக் கட்டி முடிக்க 1,600. அதன் மேல் ஒரு பாஸ்பேட் ஏற்ற ஒன்றே ஒன்று. ஏற்றி இறக்கி மறுபடி ஏற்றினால் கூடுமே என்றால், கூடும்தான். நூறு முறை நடந்தாலும் புரதத்தின் விலையில் பதினாறில் ஒரு பங்கு. இந்தச் சில்லறையை மிச்சம் பிடிக்கும் செல்லை இயற்கைத் தேர்வு தேடிப்பிடித்து வாழவைக்கும் என்று எதிர்பார்ப்பது அதன் கண்பார்வையை மிகையாக மதிப்பிடுவது. மலிவான, தீங்கில்லாத தவறுகள் தலைமுறை தலைமுறையாக அப்படியே தங்கிவிடும்.

கைனேஸ் தவறு செய்யுமா என்று கேட்டால் தாராளமாகச் செய்யும். ஒரு கைனேஸ் இடத்தைத் தேடும்போது பார்ப்பது பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் உள்ள நாலைந்து அமினோ அமிலங்களைத்தான். பிகேஏ என்ற கைனேஸுக்கு அடுத்தடுத்து இரண்டு ஆர்ஜினின், பிறகு ஏதேனும் ஒன்று, அதற்கடுத்து செரின் இருந்தால் பிடித்துப்போகும். மனிதனிடம் ஏறத்தாழ இருபதாயிரம் வகைப் புரதங்கள். அவற்றில் மொத்தம் ஒரு கோடிக்கும் மேல் அமினோ அமிலங்கள். இருபது வகை அமினோ அமிலங்களையும் குலுக்கிப் போட்டாலே இந்த வரிசை ஆயிரம் இடங்களுக்கு மேல் தற்செயலாக அமைந்துவிடும். 2023இல் 303 செரின், திரியோனின் கைனேஸ்களின் விருப்பங்களை ஒரே அட்டவணையில் வெளியிட்டார்கள். அதைப் புரட்டினாலே தெரியும்: பல கைனேஸ்களின் ருசி ஒன்றுக்கொன்று அப்படியே ஒத்துப்போகிறது. செல்லுக்குள் கைனேஸைச் சரியான இடத்தில் நிறுத்திவைக்கும் தாங்குபுரதங்கள் இருப்பதால்தான் குழப்பம் இந்த அளவோடு நிற்கிறது.

இதற்குச் சோதனைச்சாலையிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. 1954இல் பர்னெட்டும் கென்னடியும் எலியின் ஈரல் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து எடுத்த நொதியைப் பால் புரதமான கேசீனோடு கலந்தார்கள். பாஸ்பேட் ஏறியது. அந்த வழியில் அடையாளம் காணப்பட்ட இரண்டு கைனேஸ் குடும்பங்கள் இன்றைக்கும் கேசீன் கைனேஸ் 1, 2 என்றே பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. ஆனால் உயிருள்ள உடலில் இவை பெரும்பாலும் சைட்டோபிளாசத்திலும் உட்கருவிலும் வேலை செய்பவை. கேசீனோ சுரப்புப் பாதையில் போய்ப் பாலில் கலப்பது. ஒன்றை ஒன்று சந்திக்கவே சந்திக்காது. பால் சுரப்பியில் கேசீனுக்கு உண்மையிலேயே பாஸ்பேட் ஏற்றுவது கால்ஜி உறுப்பில் உள்ள ஃபேம்20சி என்ற வேறொரு கைனேஸ் என்று 2012இல்தான் தெரிந்தது. ஏற்ற முடிகிறது என்பதற்கும் ஏற்றுவதற்காகவே இருக்கிறது என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடக்க ஆராய்ச்சிக்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகள் பிடித்தன. கட்டுரையாளர் ஒரே பத்தியில் கடந்துவிட்டார்.

கும்பாபிஷேகத்தன்று கோபுர உச்சியிலிருந்து தெளிக்கும் தீர்த்தம் முன்னால் முண்டியடித்து நிற்பவர்கள் மேல்தான் அதிகம் விழும். அவர்களை அர்ச்சகர் பெயர் சொல்லி அழைத்துத் தெளித்தார் என்று யாரும் சொல்வதில்லை. செல்லிலும் எண்ணிக்கையில் மிகுந்த புரதங்கள் கைனேஸின் கண்ணில் அடிக்கடி படுகின்றன. லெவி, மிஷ்னிக், லாண்ட்ரி ஆகியோர் 2012இல் ஈஸ்ட் புரதங்களை வைத்துக் காட்டியது இதைத்தான்: ஒரு புரதம் எவ்வளவு ஏராளமாக இருக்கிறதோ, அதில் உள்ள பாஸ்பேட் இடங்கள் பரிணாமத்தில் அவ்வளவு குறைவாகவே பாதுகாக்கப்படுகின்றன. ‘செயலற்ற பாஸ்பரிலேற்றங்கள் இருக்கின்றனவா’ என்ற கேள்வியை லீன்ஹார்ட் 2008இலேயே வெளிப்படையாக எழுப்பிவிட்டார். பல்லாண்டு விவாதம் இது. கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை.

இருட்டடிப்பு அதோடு நிற்கவில்லை. ஹீலா என்ற மனிதச் செல்களில் 2,244 புரதங்களில் 6,600 இடங்களைக் கண்ட ஓல்சன், மன் குழுவினரின் 2006ஆம் ஆண்டு ஆய்வை அவர் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறார். அந்த ஆய்வில் செல்களை இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியால் உசுப்பிவிட்டு, எந்த இடம் எவ்வளவு மாறுகிறது என்று நேரவாரியாக அளந்தார்கள். இரண்டு மடங்காவது மாறியவை வெறும் 14 சதவீதம். மீதி இடங்கள் அந்தச் சேதியைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவற்றில் சில வேறு சேதிக்குக் காத்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 6,600ஐ எடுத்துக்கொண்டு 14ஐ விட்டுவிடுவதற்குப் பெயர் மேற்கோள் அல்ல.

அந்த ஆய்வு நடந்த விதத்தையும் அவர் விளக்கியிருக்க வேண்டும். புரதங்களை டிரிப்சின் என்ற நொதியால் துண்டு துண்டாக வெட்டுவார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு மணிகள் பாஸ்பேட் உள்ள துண்டுகளைப் பற்றிக்கொள்ளும். பாஸ்பேட் இல்லாதவற்றைக் கழுவிக் கொட்டிவிடுவார்கள். பிடிபட்டவை நிறை நிறமாலைமானிக்குப் போகும். கழுவிய நீரோடு முக்கியமான ஒரு விவரமும் போய்விடுகிறது: ஒரு புரதத்தின் ஆயிரம் மூலக்கூறுகள் இருந்தால் எத்தனையில் பாஸ்பேட் ஏறியிருந்தது? தொள்ளாயிரத்திலா, ஒன்றிலா? பட்டியலில் இரண்டுமே ஒரு வரிதான். அந்த விகிதத்தை அளக்கத் தனிக் கணக்கு முறைகள் வேண்டும். அப்படி அளந்தபோது, செல் பிரியும் கட்டத்தில் பல இடங்கள் ஏறக்குறைய முழுமையாக நிரம்புவதை 2010இல் கண்டார்கள். அவை நிச்சயம் கவனிக்க வேண்டியவை. ஆயிரத்தில் ஒன்று ஏறிய இடத்துக்கும் அதே மரியாதை கேட்பது வேடிக்கை.

பாஸ்பேட் ஏறிய இடங்களில் செரின் 86, திரியோனின் 12, டைரோசின் 2 என்ற சதவீதப் பங்கீட்டில் ‘திட்டமிட்ட அழகு’ தெரிகிறதாம். 518 கைனேஸ்களில் டைரோசினுக்கு உரியவை 90 மட்டுமே. புரதங்களில் செரினே டைரோசினைவிட அதிகம். டைரோசின் மேல் ஏறும் பாஸ்பேட்டைப் பாஸ்படேஸ்கள் விரைவாக இறக்கிவிடுகின்றன. அழகை வேறு எங்காவது தேடட்டும்.

மொழி, எழுத்து என்ற வாதத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பாஸ்பேட் உண்மையிலேயே வேலை செய்யும் இடங்களில்கூட இந்த வாதம் எடுபடாது என்பதுதான் சுவாரசியம். செல் சுழற்சியை நடத்தும் சிடிகே1 என்ற கைனேஸ் ஈஸ்ட்டில் எங்கெல்லாம் பாஸ்பேட் ஏற்றுகிறது என்று ஹோல்ட், மார்கன் குழுவினர் 2009இல் தேடி, 308 புரதங்களில் 547 இடங்களைப் பிடித்தார்கள். பிறகு அதே புரதங்களை மற்றப் பூஞ்சை இனங்களோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலான இடங்கள் இருந்த இடத்தில் இல்லை. நிலையான வடிவமற்ற தளர்வான பகுதிகளில், ஓர் இனத்தில் இங்கே, மற்றோர் இனத்தில் பத்து அமினோ அமிலம் தள்ளி என்று கொத்துக் கொத்தாக நகர்ந்திருந்தன. இடம் மாறியும் கொத்துக் கொத்தாகவே நீடிக்கின்றன. எழுத்துகளைக் கலைத்துப் போட்டும் பொருள் மாறாத மொழி எதுவென்று கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும். பல புரதங்களில் முக்கியம் அந்தப் பகுதியில் சேரும் மொத்த மின்னூட்டம்தான்.

எஸ்ஐசி1 இன்னும் தெளிவான உதாரணம். ஈஸ்ட் செல் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கத் தொடங்காமல் தடுத்து நிறுத்தும் புரதம் இது. இதில் சிடிகே ஏற்றக்கூடிய இடங்கள் ஒன்பது. குறைந்தது ஆறிலாவது பாஸ்பேட் ஏறினால்தான் சிடிசி4 என்ற புரதம் இதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பும் என்று நாஷ் குழுவினர் 2001இல் எழுதினார்கள். ஐந்து ஏறினால் எதுவும் நடக்காது, ஆறாவது ஏறியதும் தடை விலகும். பிற்பாடு 2011இல் இந்தச் சித்திரத்தைத் திருத்தி, சில இடங்கள் முதலில் நிரம்பி மற்றவற்றுக்கு வழிவிடுகின்றன என்று காட்டினார்கள். எப்படிப் பார்த்தாலும், அந்த ஒன்பதில் ஒன்றைத் தனியே பிடுங்கி எடுத்து ‘இதன் பொருள் என்ன’ என்று கேட்பது அர்த்தமற்றது.

அவர் பக்கத்துக்கு வலுவான சான்று ஒன்று உண்டு. அதை அவர் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். ஈஸ்ட்டில் பாஸ்பேட் ஏறும் இடங்களை மாற்றிய 474 திரிபுகளைச் செய்து, நூற்றுக்கும் மேற்பட்ட சூழல்களில் வளர்த்துப் பார்த்த ஆய்வு 2022இல் வந்தது. ஏறத்தாழ 42 சதவீதத்தில் வளர்ச்சி வேறுபட்டது. எதிர்பார்த்ததைவிட இது அதிகம்தான். ஆனாலும் அவர் சொல்லும் நூறு சதவீதம் எங்கே, இது எங்கே? செரினை எடுத்துவிட்டு அலனினை வைத்தால் பாஸ்பேட் மட்டும் போவதில்லை, செரினும் போகிறது. அந்த வேறுபாட்டில் ஒரு பங்கு அதனால் வந்ததாகவும் இருக்கலாம். 2020இல் 1,19,809 மனித இடங்களைத் தொகுத்த ஒச்சோவா, பெல்ட்ராவ் குழுவினர் எல்லா இடமும் முக்கியம் என்று முடிக்கவில்லை. எது முக்கியமாக இருக்கக்கூடும் என்று தரவரிசைப்படுத்த 59 அளவுகோல்களை வைத்து மதிப்பெண் போட்டார்கள். எல்லாமே செய்தி என்றால் மதிப்பெண் எதற்கு?

ஃபிஷர், கிரெப்ஸ் பெயர்களைக் கட்டுரையாளர் துணைக்கு அழைத்திருக்கிறார். அவர்களுடைய வேலையே இவருக்கு எதிரான சாட்சி. 1950களின் நடுவில் சியாட்டிலில் அவர்கள் தொட்டது ஒரே நொதி, தசையின் கிளைக்கோஜன் பாஸ்பரிலேஸ். பாஸ்பேட் ஏறினால் வேகம் பிறக்கிறது, இறக்கினால் அடங்குகிறது, ஏற்றும் நொதி இன்னது என்று ஒவ்வொன்றாக நிறுவினார்கள். ஏறுவது 14ஆவது இடத்தில் உள்ள செரினில் என்றும், ஏறியதும் புரதத்தின் தளர்ந்த முனை மடங்கிப் பொருந்துகிறது என்றும் பின்னால் வந்தவர்கள் படிக அமைப்பு வரை போய்ப் பார்த்தார்கள். 1992இல் கிடைத்த நோபல் அந்த ஓர் இடத்தில் தொடங்கிய உழைப்புக்கு.

கடைசியாக மருந்து. இமாட்டினிப் 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதைச் சொல்லி, ஒவ்வொரு பாஸ்பேட் இடமும் இப்படி ஒரு மருந்தாகும் என்கிறார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. இமாட்டினிப் எந்தப் பாஸ்பேட் இடத்தையும் தொடுவதில்லை. பிசிஆர்-ஏபிஎல் என்ற பிறழ்ந்த கைனேஸில் ஏடிபி உட்காரும் குழியில் போய் அடைத்துக்கொள்கிறது. அந்தக் கைனேஸ்தான் ஒரு வகை ரத்தப்புற்றுக்குக் காரணம் என்பதை 1960இல் கண்ட பிலடெல்பியா குரோமோசோமிலிருந்து தொடங்கிப் பல பத்தாண்டுகள் நிறுவிய பிறகே மருந்து வந்தது. ‘சாத்தியமான மருந்து இலக்கு’ என்று வரிக்கு வரி எழுதுவது நிதி கேட்கும் விண்ணப்பங்களில் செல்லுபடியாகும். ஆய்வுக்கு வர நினைக்கும் முதுநிலை மாணவர் இதை நம்பி, ஆயிரத்தில் ஒரு மூலக்கூறில் ஏறும் ஒரு பாஸ்பேட்டின் பின்னால் ஐந்து வருடம் ஓடினால் அந்த வருடங்களை யார் திருப்பித் தருவது?

அடுத்த கட்டுரைக்கு முன் அவர் ஒன்று செய்யட்டும். லட்சம் இடங்களை விட்டுவிட்டு, தமக்குப் பிடித்த ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளட்டும். உயிருள்ள செல்லில் அங்கே ஏற்றுவது எந்தக் கைனேஸ், நூறு மூலக்கூறுகளில் எத்தனையில் ஏறுகிறது, அதை இல்லாமல் ஆக்கினால் செல்லுக்கு என்ன ஆகிறது என்று சான்றோடு எழுதட்டும். எழுதினால் அந்த இடத்துக்குப் பொருள் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். அந்த ஓர் இடத்துக்கு மட்டும்.