அபராதம் யார் வீட்டுப் பணம்?

போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப் கவிழ்ந்தால், ஓட்டுநர் மீது அன்றைக்கே வழக்குப் பதிவாகும். உயிர் போயிருந்தால் கைதும் உண்டு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதே மலைத்தொடரில் பாதரசக் கழிவு சிதறிக் கிடந்ததற்கு, கால் நூற்றாண்டு ஆகியும் எந்த நிர்வாகியும் சிறைத்தண்டனை பெறவில்லை.

அமெரிக்காவின் வாட்டர்டவுனில் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் இயந்திரங்கள் 1980களில் கொடைக்கானலுக்கு வந்தன. பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கிய ஆலை, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் ஊருக்குள் ஒரு காயலான் கடையில் குவிந்து கிடப்பதை 2001 மார்ச்சில் உள்ளூர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் அம்பலப்படுத்தியதும் ஆலை மூடப்பட்டது. விதிமீறி விற்கப்பட்ட கழிவு அது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. தொழிலாளர் உடல்நலம் பாதிக்கப்படவில்லை என்று நிறுவனம் சாதித்துவந்தது. ஆனாலும் 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் சமரசம் செய்துகொண்டது.

ஆலைக்குக் கீழே இருப்பது பாம்பார் சோலை. பாம்பாற்று நீர்தான் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுகிறது. ஆகவே இது கொடைக்கானல்காரர்களின் கவலை மட்டுமல்ல.

நிறுவனம் பணம் கொடுத்ததே, போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. அபராதமும் இழப்பீடும் நிறுவனக் கணக்கிலிருந்து போகின்றன. முடிவெடுத்தவரின் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைவதில்லை. போபாலில் 1984இல் பூச்சிக்கொல்லி ஆலையின் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். வழக்கு கவனக்குறைவு என்ற பிரிவுக்குச் சுருங்கி, 2010இல் ஆலையை நடத்திய இந்திய நிறுவனத்தின் தலைவராக இருந்த கேசுப் மகிந்திரா உள்ளிட்டோருக்கு இரண்டாண்டுத் தண்டனை கிடைத்தது. உடனே ஜாமீனும் கிடைத்தது. அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் தலைவராக இருந்த வாரன் ஆண்டர்சன் இந்திய நீதிமன்றத்தில் நிற்காமலேயே 2014இல் காலமானார்.

இத்தனைக்கும் பிறகு சட்டம் இறுகியிருக்க வேண்டும். நேர்மாறாக நடந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் ஐந்தாண்டு வரை சிறை என்றிருந்ததை, 2023இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரையிலான அபராதமாக மாற்றியது. அதையும் கட்டத் தவறினால்தான் சிறை. பன்னாட்டு நிறுவனம் ஒன்றுக்கு 15 லட்சம் என்பது விளம்பரச் செலவில் எத்தனையாவது பங்கு?

சிறை என்றால் தொழில் தொடங்கவே யாரும் வரமாட்டார்கள் என்ற வாதம் பாதி நியாயமானது. படிவம் தாமதமானதற்கெல்லாம் சிறை கூடாதுதான். ஆபத்தென்று தெரிந்தே செய்வது வேறு. சால்மோனெல்லா கிருமி இருப்பது தெரிந்தும் நிலக்கடலைப் பொருட்களை அனுப்பிவைத்த அமெரிக்க நிறுவனத் தலைவர் ஸ்டூவர்ட் பார்னெலுக்கு 2015இல் 28 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அங்கே செத்தவர்கள் ஒன்பது பேர். அந்த நாட்டில் நிலக்கடலை வியாபாரம் நின்றுவிடவில்லை.

நம் ஊரிலும் கைது நடக்காமலில்லை. 2025இல் இருமல் மருந்து குடித்து மத்தியப் பிரதேசக் குழந்தைகள் இறந்தபோது, அதைத் தயாரித்த காஞ்சிபுரம் நிறுவனத்தின் உரிமையாளர் வழக்குப் பதிவான சில நாட்களிலேயே பிடிபட்டார். சின்ன முதலாளிக்குக் கை நீளும் சட்டம், இயக்குநர் குழுவின் கதவைத் தட்டத் தயங்குகிறது.

தேனி, திண்டுக்கல் மக்களவை உறுப்பினர்கள் இதை அவையில் எழுப்ப வேண்டும். தெரிந்தே மக்கள் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் முடிவில் கையெழுத்திட்டவருக்குச் சிறை என்ற பிரிவைச் சுற்றுச்சூழல் சட்டத்தில் மீண்டும் சேர்க்கச் சொல்லுங்கள்.