சனிக்கிழமை சங்கதி: இடுப்புல ஒரு ஒர்க்‌ஷாப்

டூர் வர்றவங்க இடுப்புல கட்டுற பையைப் பார்த்தா சிரிப்பேன். இப்ப இல்லை.

1913-ல் இங்கிலாந்தின் கார்லைலில் தொடங்கிய சர்வதேச ஆறு நாள் பைக் போட்டி, காடுமேடெல்லாம் ஓடும். வண்டி மக்கர் பண்ணினா ஓட்டுறவரேதான் சரிபண்ணணும், வேற யாரும் கை வைக்கக்கூடாது. அதனால ஸ்பேனர், டயர் லீவர், ஸ்பார்க் பிளக் எல்லாம் இடுப்புக்கு வந்துச்சு. முதுகுல மாட்டினா, நின்னுக்கிட்டு ஓட்டும்போது ஆட்டிவைக்கும்.

ஜாக்கெட்டும் அப்படித்தான். 1936-ல் பார்பர் கம்பெனி இந்தப் போட்டிக்காகவே மெழுகுத்துணியில் தைச்சது. மேப்பைச் சட்டுனு எடுக்க இடது மார்புப் பை சாய்வா இருக்கும். 1964-ல் கிழக்கு ஜெர்மனியின் எர்ஃபர்ட்டில் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் போட்டதும் பார்பர்தான்.

ஒரே வில்லங்கம்: மல்லாக்க விழுந்தா அதே ஸ்பேனர் முதுகெலும்பைப் பதம் பார்த்துடும். காப்பாத்துறதும் அதுதான், கவுக்குறதும் அதுதான் :-)

சரி, உங்க பையில என்ன இருக்கு மக்களே?