நெதர்லாந்தின் மன்னிப்பும் பழவேற்காடும்: நிலைப்பாட்டு அறிக்கை

அடிமை முறைக்காக நெதர்லாந்தின் அப்போதைய பிரதமர் மார்க் ருத்தே 2022 டிசம்பர் 19 அன்றும் மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் 2023 ஜூலை 1 அன்றும் மன்னிப்புக் கோரினர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆசிய ஆளுகைப் பரப்புக்குள் 6,60,000 முதல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் விற்று வாங்கப்பட்டதைப் பிரதமரின் உரையே ஒப்புக்கொண்டபோதிலும், தொடர்ந்து அறிவிக்கப்பட்ட 20 கோடி யூரோ நிதி சுரினாம், கரீபியத் தீவுகள், நெதர்லாந்து ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் பழவேற்காட்டுக்கும் அக்கணக்கில் இடமுண்டு என்பதே இவ்வமைப்பின் நிலைப்பாடு.

1613இல் அங்கு எழுந்த கெல்டிரியா கோட்டை, கம்பெனியின் சோழமண்டல வணிகத்துக்குத் தலைமையிடமாக இருந்தது. ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும் ஈடாக மசாலாத் தீவினர் சோழமண்டலத் துணியை விரும்பிக் கேட்டதால், சாயவேரில் சிவப்பேறிய அத்துணியே கம்பெனிக்கு நாணயம்போல் பயன்பட்டது. நெசவாளருக்கு வணிகர் வழியே முன்பணம், அதாவது துணி நெய்யுமுன் கொடுக்கப்படும் கடன், சென்றது. அதைப் பெற்றவர், கூடுதல் விலை தருபவர் வந்தாலும் அவருக்கு விற்க இயலாதவரானார். இலாபம் ஆம்ஸ்டர்டாமில் பங்கு பிரிக்கப்பட்டது. உலகப் பகுதிகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வைத் தொழில்திறனின் குறைவாகக் காட்டும் விளக்கம், திறனுக்குக் குறைவில்லாத இக்கரைக்குப் பொருந்தாது. இங்கே பறிபோனது பேரம்பேசும் வலு.

பஞ்ச ஆண்டுகளில் இக்கரையிலிருந்து மனிதரும் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றப்பட்டனர். பிடித்துக் கொடுத்தவர்களிலும் தரகு பார்த்தவர்களிலும் உள்ளூரார் இருந்தனர் என்பதையும், நிலத்தோடு பிணைத்த அடிமைத்தனம் கம்பெனிக்கு முன்பே இங்கு வேரூன்றியிருந்தது என்பதையும் மறைத்து எழுதுவது வரலாறாகாது. வாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டம் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. விற்கப்பட்டவர்க்கு அப்படியொரு கல் நடப்படவில்லை.

ஆகவே, ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள சோழமண்டலப் பதிவுகளைத் தமிழில் வெளியிடும் பொறுப்பையும், பழவேற்காட்டில் நினைவிடம் அமைக்கும் செலவையும் நெதர்லாந்து ஏற்க வேண்டும். தனிநபர் இழப்பீட்டை இவ்வமைப்பு கோரவில்லை. வழித்தோன்றல்களை நிறுவ இயலாத நிலையில் அப்பணம் மீண்டும் தரகர்களிடமே சேரும்.

முன்பணமும் இவ்வட்டாரத்தில் ஒழிந்த வழக்கமன்று. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னும் திருவள்ளூர் மாவட்டச் செங்கற்சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர்களும் ஒடிசாத் தொழிலாளரும் மீட்கப்பட்டுள்ளனர். எனவே, சூளைகளில் யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுக்கப்பட்டு எவ்வாறு கழிக்கப்படுகிறது என்பதை ஆண்டுதோறும் தணிக்கை செய்யுமாறு மாவட்ட நிர்வாகத்தையும் இவ்வமைப்பு இதே அறிக்கையின் வழியே கேட்கிறது.