மணிக்கூட்டுக்குள் கத்தியை விடாதீர்கள்

 

போன வாரம் எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவன் கைக்கடிகாரம் ஒன்றைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்தான். சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போன தாய், முதல் சம்பளத்தில் தகப்பனுக்கு வாங்கிய ஒட்டோமெட்டிக் மணிக்கூடு. அது நின்றுபோனதும் வீட்டில் பின்மூடியைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் மெஷின் வெளியே வரவில்லை. கத்தியை விட்டு நெம்பியிருக்கிறார்கள். மெஷின் வந்துவிட்டது. ஆனால் தலைமுடி போன்ற அந்தச் சின்னச் சுருள்வில் நசுங்கிவிட்டது, டயலும் கீறுப்பட்டுவிட்டது.

திருத்துபவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். "திறக்காமல் கொண்டுவந்திருந்தால் கழுவி எண்ணெய் போட்டாலே ஓடியிருக்கும் சேர்" என்றார்.

உண்மையில் அந்த மெஷின் இறுகியிருக்கவே இல்லை. சாவி கொடுக்கும் குமிழிலிருந்து ஸ்டெம் என்ற மெல்லிய தண்டு ஒன்று, கேஸின் பக்கத்துத் துளை வழியாக மெஷினுக்குள் போகிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் போல. அதை எடுக்காமல் எவ்வளவு நெம்பினாலும் மெஷின் வராது. தண்டின் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளியோ திருகாணியோ இருக்கும். புள்ளி என்றால் மெதுவாக அழுத்த வேண்டும், திருகாணி என்றால் கொஞ்சம் மட்டும் தளர்த்த வேண்டும். குமிழ் கையோடு வந்துவிடும். திருகாணியை முழுக்கக் கழற்றினால் அது பிடித்திருக்கும் நெம்புகோல் உள்ளே விழுந்துவிடும். பிறகு டயலையே கழற்ற வேண்டிவரும்.

தண்டை எடுத்தும் வரவில்லையா? ஓரத்தில் மெஷினைப் பிடித்திருக்கும் கவ்விகளைப் பாருங்கள். சில பழைய மணிக்கூடுகளில் மெஷின் பின்பக்கமாக வராது. கண்ணாடியைக் கழற்றி முன்பக்கமாகத்தான் எடுக்க வேண்டும்.

இவையெல்லாம் பார்த்த பிறகுதான் துரு. மலைநாட்டில் அதுவும் உண்டு. மிஸ்டும் தூறலும், கொழுந்துக் கூடையோடு நனைந்த கையும், வியர்வையின் உப்பும் குமிழ் வழியாக உள்ளே போய்த் தண்டைப் பிடித்துவிடும். அதற்கும் கத்தி மருந்தல்ல. துரு பிடித்த இடத்தில் மட்டும் ஊசிமுனையளவு துரு நீக்கும் எண்ணெய் வைத்து, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பார்கள். எண்ணெய் அதிகமானால் டயலும் சுருள்வில்லும் கெட்டுவிடும்.

இவ்வளவும் அந்தத் திருத்துபவர் பத்து நிமிடத்தில் எங்களுக்குச் சொன்னது. கழற்றிய திருகாணிகளைக் கழற்றிய வரிசைப்படியே சின்னக் கிண்ணங்களில் வைத்தார். அடுத்தவர் பொருள் அமானிதம் என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். அவர் அதைக் கையால் செய்துகொண்டிருக்கிறார்.

கவலை என்னவென்றால், அவருக்குப் பிறகு அந்த மேசையில் யாரும் இல்லை. 1969இல் சீக்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. அதன் பின் மலிவான பெட்டரி மணிக்கூடுகள் வந்தன, அதற்குப் பிறகு கையில் போன் வந்தது. 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய இந்திய அரசின் எச்.எம்.டி.கூட 2016இல் அந்தத் தொழிலை மூட வேண்டியதாயிற்று. நம் ஊர்த் திருத்துபவர் எம்மாத்திரம்?

"வாட்ச் திருத்தி யார் பிழைப்பது?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அது மட்டும் வைத்து இன்று குடும்பம் நடத்துவது கஷ்டம். ஆனால் அதே கண்ணாடி, அதே சாமணம், அதே பொறுமைதான் போன் திருத்தவும் வேண்டும். எது பிடித்திருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டுக் கை வைக்கும் பழக்கம் எந்தத் தொழிலுக்கும் உதவும். சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் தொழிற்பாடங்களைத் தொடரலாம் என்று 13 வருட உத்தரவாதக் கல்வி 2017இல் தொடங்கியது. ஆனாலும் கைத்தொழிலுக்குப் போகும் பிள்ளையைப் "படிப்பு ஏறாதவன்" என்று பார்க்கும் பார்வை நம்மிடம் மாறவில்லை. ஆசிரியர்களாகிய நாமும் இதில் குற்றவாளிகள்தான்.

எனவே இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, வீட்டில் ஞாபகமாக வைத்திருக்கும் மணிக்கூடு நின்றால் நீங்களாகத் திறக்காமல், தெரிந்தவரிடம் கொடுங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

இரண்டு, ஹட்டன், டிக்கோயா, கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் இந்தத் தொழில் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மாதத்தில் ஒரு பின்னேரம் அவர்களைப் பாடசாலைக்கு அழைத்து, பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார வைப்போம். லாச்சியில் கிடக்கும் ஓடாத மணிக்கூடுகளைத் தாருங்கள், பழகுவதற்கு அது போதும்.

அந்தப் பிள்ளையின் மணிக்கூடு இன்னும் திருத்துபவரிடம்தான் இருக்கிறது. அதே வகை பழைய மெஷின் ஒன்று கிடைத்தால் அதன் சுருள்வில்லை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார். யாரிடமாவது இருந்தால் தெரியப்படுத்துங்கள்.