விதைநெல்லை அவித்துத் தின்ற கதை

கோவில்பட்டியில் வீடு, கயத்தாறில் வேலை. ஒரு வங்கிக் கிளையின் கவுன்டரில் உட்கார்ந்து பதினெட்டு வருடம் ஆகிறது. எந்த வங்கி என்பது இங்கே வேண்டாம். ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் சிறுகதை எழுதுவேன். இரண்டு தொகுப்புகள் வந்திருக்கின்றன. மூன்றாவது ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால், "எங்கே நேரம்? வேலை, வீடு, பையன் வேறு பிளஸ் டூ" என்று ஒரு பட்டியல் தயாராக வைத்திருந்தேன். அது பொய் என்று எனக்கே புரிய ஒரு மண்டலம், அதாவது 48 நாள், பிடித்தது.

முதலில் அந்தக் கைரேகை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முந்தைய மாசி மாதம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை நெருங்கும்போது ஓர் அம்மா பணம் எடுக்க வந்தார். (ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.) தீப்பெட்டி ஆபீஸில் வேலை. எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அதுதான் பேர். ஆபீஸ் என்றதும் நாற்காலியும் மின்விசிறியும் நினைவுக்கு வந்தால் அது உங்கள் தப்பு. பெருவிரலை மிஷினில் வைத்தார், சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல், சிவப்பு. சேலைத் தலைப்பில் துடைத்தார். பிறகு விரலைத் தலைமுடிக்குள் விட்டு நாலு இழுப்பு இழுத்து, எண்ணெய்ப் பசை ஏற்றிக்கொண்டு மறுபடி வைத்தார். இந்த உத்தியை நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஜனங்களாகக் கண்டுபிடித்தது. அதற்கும் சிவப்பு. "முப்பது வருசமாக் குச்சி அடைச்ச விரலு தாயி, தேஞ்சு போச்சு" என்று சிரித்தார்.

அன்று ராத்திரி பாத்திரம் கழுவின ஈரக்கையோடு முகநூலில் பத்து வரி எழுதிப் போட்டேன். ஊர் அடுப்பெல்லாம் எரிய வைத்த விரலுக்கு ரேகை இல்லையாம் என்கிற மாதிரி முடித்திருந்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. ஆனால் எழுதும்போது அந்தக் கடைசி வரிக்காகத்தான் மற்ற ஒன்பதையும் எழுதினேன். காலையில் ஆயிரத்துச் சொச்சம் லைக். முன்னூறு பேருக்கு மேல் பகிர்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் யாரோ அதை ரோஜாப்பூப் படத்தோடு அட்டையாக்கி, என் பேரை எடுத்துவிட்டு, 'படித்ததில் பிடித்தது' என்று எங்கள் ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பிலேயே போட்டார்கள். நானும் கும்பிடு போட்டுவைத்தேன்.

அடுத்த மாதம் அதைக் கதையாக எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம் தாண்டவில்லை. உட்காரும்போதெல்லாம் அந்தக் கடைசி வரி முன்னால் வந்து நின்று, "அதான் முடிஞ்சு போச்சே" என்றது. கூலியை முழுசாகக் கையில் வாங்கிக்கொண்டவன் மறுநாள் களைவெட்ட வருவானா? நான் மட்டும் எப்படி வருவேன்?

இந்த மாதிரி அந்த இரண்டு மூன்று வருடத்தில் எத்தனை என்று பின்னால் எண்ணிப் பார்த்தேன். சிறுகதைக்கு ஆகக்கூடிய விஷயங்கள் என்று நான் நம்புகிறவை மட்டும் பதினொன்று. பதினொன்றையும் பத்துப் பத்து வரியாகப் போட்டு முடித்திருந்தேன். வீட்டில் விதைநெல் என்று கோட்டை கட்டி வைத்ததைப் பசி இல்லாத நாளிலும் அவித்துத் தின்றால் ஆடியில் விதைக்க என்ன இருக்கும்?

சமூக ஊடகத்தை விட்டால் நேரம் மிச்சமாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன்னால் பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் ஆட்களைப் பிடித்து, பணம் கொடுத்து, நான்கு வாரம் முகநூல் கணக்கை முடக்கி வைக்கச் சொன்னார்கள். ஆளுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மிஞ்சியது என்று கணக்கு சொன்னார்கள். எனக்கும் அதற்குக் குறையாமல் மிஞ்சியது. ஆனால் நேரம் மிஞ்சியதால் யாரும் கதை எழுதிவிடுவதில்லை. விதை தீர்ந்துபோனவனுக்கு இன்னொரு குறுக்கம் நிலம் கொடுத்து என்ன பிரயோசனம்?

போன வருடம் ஆடி முதல் தேதி, போனிலிருந்து முகநூலையும் இன்ஸ்டாகிராமையும் எடுத்தேன். வாட்ஸ்அப்பை எடுக்கவில்லை, மேலாளருக்கும் பையனின் டியூஷன் சாருக்கும் நான் வேண்டும். யாருக்கும் அறிவிக்கவில்லை. 'சில காலம் விலகியிருக்கிறேன், நண்பர்களே' என்று ஒரு பதிவு போட்டுவிட்டு, அதற்கு யார் யார் வருத்தம் தெரிவித்தார்கள் என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எட்டிப் பார்க்கிறவர்களை நான் அறிவேன். நானே இரண்டு தடவை அப்படி விலகியிருக்கிறேன். இந்தத் தடவை வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். "மாலை போட்டிருக்கியாக்கும்" என்றார்.

முதல் வாரம் கட்டைவிரல்தான் பாடாய்ப் படுத்தியது. முகநூல் படம் இருந்த இடத்துக்கு விரல் தானாகப் போகும். அங்கே இப்போது கால்குலேட்டர் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது காரணமில்லாமல் கால்குலேட்டரைத் திறந்திருப்பேன். கீழே இழுக்க இழுக்க முடியாத பக்கத்தை 2006இல் வடிவமைத்தவர் ஆசா ரஸ்கின். அதற்காகப் பிற்பாடு அவரே வருத்தப்பட்டுப் பேசினார். அடிமுடி தேடிய கதை நமக்குத் தெரிந்ததுதான். அதில் ஒருத்தர் முடியாது என்று ஒப்புக்கொண்டு திரும்பினார். இன்னொருத்தர் தாழம்பூவைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு பொய் சொன்னார். நான் ரொம்ப நாள் தாழம்பூ கட்சியில் இருந்திருக்கிறேன்.

விரலை அடக்கிவிடலாம். மண்டைக்குள் ஓடுகிற பதிவை நிறுத்துவதுதான் பெரும்பாடு. கண்டக்டர் ஒரு பாட்டியிடம் சில்லறைக்குச் சண்டை போடுவார். அவர் வாய் மூடுவதற்குள் எனக்குள் பத்து வரி தயாராகி, கடைசி வரிக்கு ஒரு சின்ன இடைவெளியும் விழுந்திருக்கும். போடுவதற்கு இடமில்லை என்று தெரிந்தும் அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்தது. சொந்த அத்தை வீட்டுச் சாவில், அழுகைக்கு நடுவில், 'இதை இப்படி ஆரம்பிக்கலாம்' என்று ஒரு வரி வந்தபோது பயந்தே போனேன். மூன்று வாரத்துக்கு மேல் ஆனது, அந்த இரைச்சல் அடங்க. அடங்கினதும் தெரியவில்லை. ஒரு நாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கயத்தாறு வரும்வரை காற்றாலைகளையும் உளுந்துக் காட்டையும் வெறுமனே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது இறங்கின பிறகுதான் உறைத்தது.

முப்பத்திமூன்றாம் நாளோ என்னவோ, இடைசெவல் தாண்டும்போது அந்தக் கைரேகை அம்மா ஞாபகத்துக்கு வந்தார். பதிவில் வந்த அம்மா இல்லை, கவுன்டருக்கு வந்த அம்மா.

அன்றைக்கு அவர் விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டே கண்ணாடிக்கு அருகில் குனிந்து, "எவ்வளவு கெடக்குன்னு சத்தமாச் சொல்லிராத தாயி. பின்னால நிக்கான்" என்று சொல்லியிருந்தார். பின்னால், தேய்த்த வெள்ளைச் சட்டையில், அவருடைய பையை மரியாதையாகக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். இதை நான் பதிவில் எழுதவில்லை. எழுதினால் கடைசி வரி கெட்டுப்போகும்.

அதோடு போகவில்லை. மறுநாள் காலையில் அந்த அம்மா தனியாக வந்தார். அதே பெருவிரலை வைத்தார். முதல் தடவையிலேயே பச்சை.

விரல் தேய்ந்து பணம் கிடைக்காமல் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. வாரத்துக்கு இரண்டு பேரையாவது பார்க்கிறேன். இந்த அம்மா அப்படியில்லை. முந்தின நாள் விரலை ஓரமாக, சாய்த்து சாய்த்து வைத்திருக்கிறார். தேய்ந்த விரலை வைத்தே ஒரு நாடகம் ஆடி, ஒரு நாளைச் சம்பாதித்துக்கொண்டு போயிருக்கிறார். என் கண்ணுக்கு முன்னால் இது நடந்தது. அப்போது என் பதிவு ஆயிரம் லைக்கைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. திருத்தி எழுத எனக்கு மனசு வரவில்லை என்று சொன்னால்கூட ஒரு கௌரவம் இருக்கும். அதுவும் இல்லை, நான் மறந்தே போனேன். என்னுடைய பாவப்பட்ட அம்மாவை ஊரே கொண்டாடிக்கொண்டிருக்கும்போது இந்தக் கெட்டிக்கார அம்மா எதற்கு?

கதை அங்கேதான் இருந்தது. பஸ்ஸிலேயே, செலவுக் கணக்கு எழுதுகிற நோட்டில் எழுத ஆரம்பித்தேன்.

அந்த ரோட்டில் போகிற எனக்கு இடைசெவலை நினைக்காமல் இருக்க முடியாது. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அந்த ஒரே ஊர்க்காரர்கள், கூட்டாளிகள். அழகிரிசாமி சென்னைக்கும் பிறகு மலேயாவுக்கும் வேலைக்குப் போனபின் இருவருக்கும் நடுவில் கடிதம்தான். அவை பிற்பாடு புத்தகமாகவும் வந்தன. கடிதத்தில் கொட்டினால் மட்டும் விதை தீராதா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். தீராது என்றுதான் தோன்றுகிறது. கடிதம் போய்ச் சேரும்வரை விஷயம் எழுதினவரிடமே கிடந்து ஊறும். பதில் போடுகிற ஒரு ஆளும் கைதட்டிவிட்டுப் போகமாட்டார், "அப்புறம் என்ன ஆச்சுய்யா?" என்பார். ஆயிரம் பேரின் இதயக்குறியில் அந்த ஒரு கேள்வி இருப்பதில்லை. 2009இல் வந்த லைக் பொத்தான் நமக்குச் செய்த பெரிய கெடுதல் அந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் செய்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

உடனே ஜெயமோகனைச் சொல்வார்கள். 2014இல் ஆரம்பித்து 2020 வரை 'வெண்முரசு' 26 நாவல்களையும் தினம் ஓர் அத்தியாயமாக இணையத்தில்தானே எழுதினார், அவருக்கு என்ன கெட்டது? ஒன்றும் கெடவில்லை. ஆனால் அது அவருடைய தளம். அவர் போட்டது முழு அத்தியாயம், துணுக்கு இல்லை. இணையத்தின் மேல் எனக்குச் சண்டையே கிடையாது. மறுபக்கம் சுந்தர ராமசாமி இருக்கிறார். அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து ஆறேழு வருடம் எழுதாமலேயே இருந்தார். திரும்பி வந்தவர் 1981இல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' கொடுத்தார். மௌனி வாழ்நாள் முழுக்க எழுதினது 24 கதைகள். இன்றைக்கு ஒருத்தர் ஆறு வருடம் சும்மா இருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றே சந்தேகம் வந்துவிடும்.

சந்தேகம் முதலில் வந்தது என் பதிப்பாளருக்கு. நல்ல மனிதர். ஆனாலும் புரட்டாசியில் போன் போட்டு, "என்ன மேடம், ஆளையே காணோம்? பொங்கலுக்குச் சென்னைப் புத்தகக் காட்சி வருது, இப்பப் போய் இப்படி இருந்தா எப்படி? ஃபாலோயர்ஸ் இறங்கிரும்ல" என்றார். கதை வந்திருக்கிறதா என்று கேட்கவில்லை. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அச்சடித்த புத்தகம் கோடவுனில் கிடந்தால் அவர்தான் வட்டி கட்டவேண்டும். ஆனால் 1977இல் தொடங்கிய அந்தக் காட்சி, எழுதினவர்களே தங்கள் புத்தகத்தைக் கூவி விற்காமல் முப்பது வருடத்துக்கு மேல் நடந்ததுதானே. எழுதுகிறவரிடம் பதிப்பாளர் கேட்கவேண்டியது கையெழுத்துப் பிரதியை. பின்தொடர்கிறவர் எண்ணிக்கையைக் கேட்டால், துணுக்கு நன்றாக எழுதுகிறவர்கள்தான் புத்தகமும் போடுவார்கள். இப்போதே அப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. முகநூல் இல்லாவிட்டால் என்னை யாருக்கும் தெரிந்திருக்காது. கோவில்பட்டியில் எழுத்தாளர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்கள் ராத்திரி டீக்கடையில் நின்று பதினொரு மணிவரை பேசுகிறவர்கள். மாமியார் வீட்டில் இருந்த ஒருத்தி அங்கே போய் நிற்க முடியுமா? யாழ்ப்பாணத்திலிருந்தும் தோஹாவிலிருந்தும் என் முதல் கதைகளைப் படித்தவர்கள் அந்த வாசல் வழியாகத்தான் வந்தார்கள். மார்கழியில் நான் திரும்பவும் உள்ளே போனேன். புத்தக அறிவிப்பு, படித்த புத்தகம், எங்கள் வீட்டுப் பூனை எல்லாம் போடுகிறேன். கவுன்டரில் பார்த்ததைப் போடுவதில்லை. அது கணக்கு நோட்டில் இருக்கிறது. சில நாள் கை அரிக்கத்தான் செய்கிறது.

கதை பதினான்கு பக்கம் வந்திருக்கிறது. இன்னும் முடியவில்லை.

போன வாரம் அந்த அம்மா வந்தார். இந்தத் தடவை தனியாக. நான் இருப்பை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன். எழுத்து தெரியாது, எண் தெரியும். பார்த்தார். சீட்டைச் சின்னச் சின்னதாகக் கிழித்தார். பக்கத்தில் குப்பைக்கூடை இருந்தும் அதில் போடாமல் சுருக்குப் பைக்குள் போட்டு இறுக்கிக்கொண்டார். போகிறவர் நின்று, என்னிடம் ஒன்று கேட்டார்.

அதை இங்கே எழுதப்போவதில்லை.