ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன்: சர்க்காரின் கடமை

சிரோசிஸ் எனும் கல்லீரல் சுருக்கம் என்று சீட்டில் எழுதி, "குடியை நிறுத்து" என்று சொல்லி அனுப்பிவிட்டால் வைத்தியம் முடிந்துவிட்டதாகாது. இடையஞ்சாவடிக் கூலிகளும் மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களும் இதை அறிய வேண்டும். சர்க்காரும் உணர வேண்டும்.

சுருங்கிய கல்லீரலில் செல்கள் மாண்டு மாண்டு மறுபடி வளர்கின்றன. இந்த ஓயாத அழிவுக்கும் வளர்ச்சிக்கும் நடுவேதான் புற்றுக் கட்டி தலைதூக்குகிறது. ஆரம்பத்தில் அது வலிப்பதில்லை. வயிறு வீங்கி, உடல் இளைத்து, கண் மஞ்சளித்த பிறகு வருகிறவருக்கு டாக்டர் செய்யக்கூடியது மிகக் கொஞ்சமே. ஆகவேதான் இந்நோயாளிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்றில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், அத்துடன் ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் வேண்டுமென்று வைத்திய உலகம் வற்புறுத்துகிறது. சந்தேகம் எழுந்தால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உண்மையைக் காட்டும்.

மூன்று சென்டிமீட்டருக்குள் பிடிபட்ட கட்டியை ஊசி செலுத்திச் சூட்டால் பொசுக்கலாம். கல்லீரலுக்குத் தெம்பிருந்தால் அறுத்தெடுக்கலாம். ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்படாத ஒற்றைக் கட்டியானால், தகுதியுள்ளவருக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்தலாம். கட்டியோடு சுருக்கமும் போகும். முற்றிவிட்டாலோ, கட்டிக்குச் செல்லும் ரத்தக் குழாயை அடைப்பதும் மருந்தும் பெரும்பாலும் ஆயுளை நீட்டும், அவ்வளவே.

"குடித்தான், அனுபவிக்கிறான்" என்று பேசும் கனவான்களுக்கு ஒரு வார்த்தை. ஹெப்படைடிஸ் பி, சி கிருமிகளும், நீரிழிவோடு சேர்ந்த கொழுப்பும்கூடக் கல்லீரலைச் சுருக்குகின்றன. குடியைப் பற்றியே பேசுவோமானால், 2003 முதல் சில்லறை மது விற்பனையைக் கையில் வைத்திருப்பது டாஸ்மாக் என்னும் சர்க்கார் ஸ்தாபனமே. விற்ற கைக்குப் பொறுப்பில்லையா?

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நல்ல காரியம். அதே பட்டியலில் கல்லீரல் சுருக்கம் கண்டவர் பெயரும், அவருடைய அடுத்த ஸ்கேன் தேதியும் ஏறட்டும். அந்த ஸ்கேன் தாலுகா ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகக் கிடைக்கட்டும். உப்பு வாரும் பருவத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போகிறது. அதற்கு ஈடு கொடுக்கப்படட்டும்.

தொழிற்சங்கத் தோழர்கள் ஊர்தோறும் இந்நோயாளிகளைச் சந்தித்து, தேதி தவறாமல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இக்கோரிக்கைகளைச் சங்க மேடைகளில் முழங்க வேண்டும்.

சலுகையென்று நாம் இதைக் கேட்கவில்லை. உழைப்பவன் உயிருக்குரிய உரிமையென்றே கேட்கிறோம்.